பனி டிராகனின் இடது ஓரம்

நாகூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இர்பான் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஷார்ஜாவில் வெயில் கொல்கிறது என்று காதர் மைதீன் மாமா சொன்னார். மோர் குடியுங்கள்.

போனில் பேசினால் கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். நானும் கத்திவிடுகிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெயிலில் வந்தாலும் இதைக் கடிதமாக நினைத்து முழுக்கப் படியுங்கள்.

நோன்புக்கு முன்னால் மாமா கையில் நீங்கள் கொடுத்துவிட்ட பனி டிராகன் கார்டு பற்றித்தான். பிள்ளைகள் சேர்த்து வைத்து ஆடுகிற ஸ்டார்ம் பீஸ்ட் கார்டுகளிலேயே அது எவ்வளவு அரிது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீல் வைத்த பாக்கெட்டை நீங்களே கிழித்து அதை எடுத்தீர்கள். உங்களோடு அறையில் இருப்பவர் அதை வீடியோ பிடித்தார். வீடியோ காலில் உம்மாவுக்கு அதை ஓட்டிக்கூடக் காட்டினீர்கள். உம்மா 'இந்தப் பல்லிக்கா இவ்வளவு சந்தோஷம்' என்று கேட்டார்கள்.

அந்தக் கார்டைத்தான் தஞ்சாவூரில் புதிதாகக் கடை திறந்திருக்கும் ஒருவருக்கு விற்றேன். ஒரு வாரம் கழித்து இரண்டு ஆட்களோடு நம் கடைக்கு வந்து, தர்கா தெருவே கேட்கிற மாதிரி, போலி என்று சொல்லி மேசையில் போட்டார். செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் தடவிய தாள் மாதிரி வெளிச்சம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அசல் கார்டுக்கு நடுவில் கறுப்பாக ஒரு அடுக்கு இருக்கும், வெளிச்சத்தை விடாது. இது போலிதான். உங்களுக்குப் போன் போட்டேன். "சண்ட வேணாம், பணத்தக் குடுத்து அனுப்பு" என்றீர்கள். கொடுத்துவிட்டேன்.

அந்தத் தஞ்சாவூர்க்காரர் போன பிறகுதான் புத்தி வேலை செய்தது. விற்பதற்கு முன் நான் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் கார்டில் இடது ஓரம் வலது ஓரத்தைவிட ஒடுங்கியிருக்கும், அச்சகத்தில் வெட்டும்போது நகர்ந்தது. டிராகனின் வால் நுனிக்குப் பக்கத்தில் சிவப்பு மை ஒரு புள்ளியாகத் தெறித்திருக்கும். அவர் திருப்பிக் கொடுத்ததில் இரண்டு ஓரமும் சமம். புள்ளி இல்லை. நானா, அது நாம் விற்ற கார்டே இல்லை. அசலை வைத்துக்கொண்டு ஒரு போலியை என் தலையில் கட்டிவிட்டுப் பணத்தையும் வாங்கிப் போயிருக்கிறார்.

என் படத்தைக் காட்டினால் நெட்டிலிருந்து எடுத்தது என்பார். உங்கள் வீடியோவை உடனே அனுப்புங்கள். அது போதும்.

துஆ செய்யுங்கள்.
உங்கள் தங்கை,
அனீஸா


ஷார்ஜா
9 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சி அனீஸாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். வெயில்தான் தாங்கவில்லை. உம்மாவுக்கு என் ஸலாம் சொல்லவும். மாத்திரையை விட வேண்டாம்.

உன் கடிதம் படித்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் பணத்தைக் கொடுத்தாயிற்று, விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள். இந்த மாதிரி ஆட்களோடு மல்லுக்கட்டி நமக்கு என்ன ஆகப்போகிறது? வேறு நல்ல கார்டு கிடைத்தால் அனுப்புகிறேன்.

வீடியோவைத் தேடிப் பார்க்கிறேன். போனில் நிறையக் கிடக்கிறது.

கடையில் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துக் கூட்டம். பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
இர்பான்


நாகூர்
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல் எதுவும் கிடையாது, கோபம்தான்.

விஷயம் முடியவில்லை. நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன் அல்லவா, அதையே இப்போது தஞ்சாவூர்க்காரர் சாட்சியாக வைத்திருக்கிறார். டெல்டா மாவட்டத்துக் கார்டுக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில், 'நாகூர்க் கடையில் வாங்கியவர்கள் சோதித்துப் பாருங்கள், எனக்குப் போலி விற்று, பிடிபட்டதும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்' என்று போட்டார். குற்றம் இல்லையென்றால் ஏன் கொடுத்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் பதில் எழுதுவதற்குள் என்னைக் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

மாதாமாதம் நான்காம் ஞாயிறு தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் கார்டுக்காரர்கள் கூடுவார்கள், உங்களுக்குத் தெரியும். பகலவன் என்று ஒருவர், கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர், அவர்தான் நடத்துகிறார். ஆட்டத்தில் சண்டை வந்தால் தீர்ப்பும் அவர்தான். நேற்று முன்தினம் என் கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்தி, "கொஞ்ச நாளைக்கு மேச போட வேணாம்மா, எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க" என்றார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. மூன்று வருடமாகப் போலிக் கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்த மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். பூதக்கண்ணாடியில் எழுத்தைப் பார், அசலில் கறுப்பு ஒரே கறுப்பாக இருக்கும், போலியில் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். மேலே விரலை ஓட்டு, அசலில் ரேகை மாதிரி சொரசொரப்பு தட்டும், போலி கண்ணாடி மாதிரி வழுக்கும் என்று சொன்னதெல்லாம் நான். அதே ஆட்கள் இப்போது நான் விற்ற கார்டுகளை டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.

அடிக்கட்டும். ஒன்றுகூடப் போலி இருக்காது. ஆனால் பார்ப்பதே அவமானமாக இல்லையா?

வேளாங்கண்ணியிலிருந்து ஒரு தகப்பனார் வந்து, பிள்ளைக்கு வாங்கிய கார்டுகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் அசல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இருக்கட்டும்மா, எதுக்கு வம்பு" என்றார்.

வீடியோவைத் தேடினீர்களா? ஒரு வீடியோ தேட இவ்வளவு நாளா?

துஆவுடன்,
அனீஸா


ஷார்ஜா
27 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். அல்லாஹ் உதவியால் நலம். உம்மாவுக்கு முழங்கால் தைலமும், உனக்கு ஒரு அத்தர் பாட்டிலும் ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். வந்து சேர்ந்ததும் எழுது.

போன் மாற்றினேன். பழைய போனில் இருந்ததெல்லாம் போய்விட்டது. வீடியோவும் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். என்ன செய்வது.

நான் சொல்வதைக் கேள். ஷேக் பரீத் அவர்களோடு பகை வைத்துக்கொள்ளாதே. பெரிய இடம். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். பேனா, நோட்டு வியாபாரத்தைப் பார். கார்டு இல்லாவிட்டால் நம் கடை ஓடாதா?

அங்கே மழை உண்டா? மொட்டை மாடியில் தண்ணீர் ஒழுகுகிற இடத்தைப் பூசச் சொல்.

அன்புடன்,
இர்பான்


நாகூர்
5 அக்டோபர் 2025

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் வந்தது. அத்தரும் வந்தது, பிரிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, நான் உங்களுக்கு எழுதியவற்றை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் 'தஞ்சாவூர்க்காரர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். போனிலும் அப்படித்தான் சொன்னேன். அந்த ஆளின் பெயரை வாயால் சொல்லப் பிடிக்காமல்தான் அப்படிச் சொன்னேன். ஷேக் பரீத் என்று உங்களுக்கு யார் சொன்னது?

நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்து, சைத்தூன் பீவி பெரியம்மாவிடம் கேட்டேன். யார் யாருக்கு என்ன உறவு என்று பெரியம்மாவைவிட யாருக்குத் தெரியும்? கேட்ட வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டார்கள். உங்கள் பொம்மைக் கடை முதலாளி உபைதுல்லா இருக்கிறாரே, அவர் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பிதானாம் இந்த ஷேக் பரீத். தஞ்சாவூர்க் கடைக்கு முதல் போட்டதும் உபைதுல்லாதானாம்.

ஆக, உங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். பணத்தைக் கொடு என்று சொன்ன அன்றைக்கே தெரியுமா? அப்படியென்றால் என்னைக் காப்பாற்றச் சொன்னீர்களா, உங்கள் வேலையைக் காப்பாற்றச் சொன்னீர்களா? நான் திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், நீங்கள் அத்தர் அனுப்புகிறீர்கள்.

முதலாளியிடம் பேச உங்களுக்குப் பயம் என்றால் பயம் என்று எழுதுங்கள். அதை என்னால் புரிந்துகொள்ள முடியும். போன் மாறிப்போயிற்று என்று எழுதாதீர்கள்.

உம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. உங்களைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறார் என்கிறேன்.

அனீஸா


நாகூர்
2 நவம்பர் 2025

நானாவுக்கு,

ஸலாம். ஒரு மாதம் ஆகிறது, பதில் இல்லை. நீங்கள் சுகமாக இருப்பதாக மாமா சொன்னார். உம்மாவுக்குச் சளி, இப்போது தேவலை.

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். நம் கார்டு கிடைத்துவிட்டது.

ஷேக் பரீத் தன் கடையில் வாங்கியவர்களைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது வழக்கம். அதில் ஒரு பெண் பனி டிராகனை முகத்துக்கு நேராகப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கினேன். இடது ஓரம் ஒடுங்கியிருந்தது. எவ்வளவு துணிச்சல் பாருங்கள். திருடிய பொருளைப் படம் பிடித்துப் போடுகிறார், ஒரு கார்டை இன்னொரு கார்டிலிருந்து யார் அடையாளம் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று.

அந்தப் பெண் பெயர் வானதி. திருக்காட்டுப்பள்ளி. வேளாண் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை. திருவாரூர், தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறி நேரே போய்விட்டேன். ஊருக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். அவள் அப்பா வரப்பில் நின்று மடை திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். வீட்டைக் கை காட்டினார்.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது. என்னைப் பற்றி எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறாள். உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள், கார்டை மட்டும் எடுக்கவில்லை. நான் மழையில் வந்த கதையை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டாள்.

"அக்கா, இது உங்ககிட்ட ஏமாத்தி வாங்குனதுன்னு ஆயிட்டா, நான் திருப்பிக் குடுக்கணுமா?"

அவள் பயம் எனக்குப் புரிந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாள்.

"வேணாம்மா. நீ காசு குடுத்து வாங்குன, அது உன்னுது. நீயே கையில வச்சுக்க. நான் பாத்தா போதும்."

பீரோவிலிருந்து எடுத்து வந்து, கடைசிவரை தன் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு காட்டினாள். டார்ச் அடித்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. பூதக்கண்ணாடி வைத்தேன். வால் நுனிக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி. என் போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தேன். வானதி மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, நவம்பர் கூட்டத்துக்குக் கார்டை எடுத்துக்கொண்டு தானே வருவதாகச் சொன்னாள்.

யாரோ ஒரு பெண், நானா. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்னைத் திருடி என்று நினைத்தவள்.

இனி உங்கள் வீடியோ வந்தாலும் வராவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். இருந்தாலும் கேட்கிறேன். அனுப்புங்கள்.

அனீஸா


ஷார்ஜா
8 நவம்பர் 2025

அனீஸாவுக்கு,

ஸலாம். உம்மாவின் சளி எப்படி இருக்கிறது? ஆவி பிடிக்கச் சொல்.

இங்கே என் விசா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். முதலாளி கையெழுத்து வேண்டும். இந்த வயதில் வேறு வேலை தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. அறையில் ஆறு பேர் இருக்கிறோம், அதில் இரண்டு பேர் வேலை இல்லாமல் படுத்திருக்கிறார்கள். வீட்டுக் கடனும் நான்தான் கட்டுகிறேன்.

நீ செய்வதைச் செய். கார்டு கிடைத்ததே போதுமான சாட்சி. என் பெயரை மட்டும் இதில் இழுக்காதே. உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

இர்பான்


நாகூர்
24 நவம்பர் 2025

இர்பான் நானாவுக்கு,

ஸலாம். உம்மா சுகம். தர்காவில் கந்தூரிக் கொடி ஏறிவிட்டது, தெருவில் கால் வைக்க இடமில்லை, கடையில் நிற்க நேரமில்லை. இருந்தாலும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று மண்டபத்தில் நடந்தது உங்கள் காதில் பாதி விழுந்தது. மீதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வானதி சொன்னபடி வந்தாள். அப்பாவையும் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். பகலவன் ஒரு மேசையைக் காலி செய்து, வானதியின் கார்டு, எனக்குத் திரும்பி வந்த போலி, நான் எடுத்த படத்தின் பெரிய பிரிண்ட் மூன்றையும் வரிசையாக வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் ஸ்கேல் வைத்து ஓரத்தை அளந்தார். பூதக்கண்ணாடியில் புள்ளியைப் பார்த்தார். "படத்துல இருக்கறது இந்தப் பொண்ணு கார்டுதான்" என்று சத்தமாகச் சொன்னார். அப்போது எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஷேக் பரீத் அசரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. நான் அவருக்கு இரண்டு கார்டு விற்றேனாம். ஒன்று அசல், ஒன்று போலி. அசலை வானதிக்கு விற்றாராம். போலியைத்தான் எனக்குத் திருப்பினாராம். இதை எப்படிச் சொன்னார் தெரியுமா? ஏதோ எனக்காகப் பரிந்து பேசுகிறவர் மாதிரி, "பாவம், அவங்களுக்கே தெரியாம இருந்திருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தில் சலசலப்பு. அப்படியும் இருக்கலாமோ என்று முகங்கள் திரும்புவது எனக்குத் தெரிந்தது. பகலவன் என்னைப் பார்த்துக் கார்டை அனுப்பியது யார் என்றார். என் நானா என்றேன். உங்கள் பெயரை இழுக்காதே என்று எழுதியிருந்தீர்கள். நான் இழுக்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னேன். பொய் சொல்ல வேண்டுமா?

அவரிடமே கேட்டுவிடலாமா என்றார் பகலவன். ஷேக் பரீத் அப்போதுதான் சிரித்தார்.

"கேளுங்க. தாராளமா கேளுங்க."

அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களைச் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறவர் மாதிரி சிரித்தார். எனக்கு அந்த நேரத்தில் அவர் மேல் வந்த கோபத்தைவிட, உங்களை ஒருவர் அப்படி நினைக்கிறாரே என்றுதான் கோபம் வந்தது. எங்கள் நானாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் நம்பரைக் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் போட்டார். நீங்கள் எடுத்தீர்கள். பின்னால் பொம்மை ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"இர்பான் பாய், தஞ்சாவூர்லேர்ந்து பகலவன் பேசறேன். உங்க தங்கச்சிக்கு அந்தப் பனி டிராகன் கார்டு எத்தன அனுப்பினீங்க?"

நீங்கள் பேசவில்லை. ரயில் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. நான் போனுக்குப் பக்கத்தில் போய், "நானா, நாந்தான், சொல்லுங்க" என்றேன். என் குரல் உங்களுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். லைன் கட்டானது. மறுபடி போட்டபோது ஸ்விட்ச் ஆஃப்.

"பாத்தீங்கள்ல" என்றார் ஷேக் பரீத். அவ்வளவுதான். வேறு எதுவும் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வார்த்தை, நானா. 'ஒண்ணு' என்கிற ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். போலி விற்றவளைப் பார்க்கிற பார்வைகூட இல்லை அது. கூடப்பிறந்தவனே கைவிட்டவளைப் பார்க்கிற பார்வை. முன்னதைவிட அது மோசம். வானதியின் அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் ஏறும்போது, "நாங்க நம்புறோம்மா" என்றார்.

உங்களுக்கு இனி எழுத மாட்டேன். வீட்டுக் கடன் தவணையை அடுத்த மாதத்திலிருந்து நானே கட்டிக்கொள்கிறேன். உம்மாவிடம் பேச வேண்டுமென்றால் உம்மா நம்பருக்குப் போடுங்கள்.

அனீஸா


அஜ்மான்
20 டிசம்பர் 2025

அன்புத் தங்கச்சி அனீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலமாக இருக்கிறேன். நீயும் உம்மாவும் நலமா? ஊரில் மழை கடுமை என்று செய்தியில் பார்த்தேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயல்களுக்குச் சேதம் உண்டா?

அறை மாறியிருக்கிறேன். இப்போது அஜ்மானில் இருக்கிறேன், ஒரு காய்கறி கிடங்கில். இங்கே காற்று நன்றாக வருகிறது. பழைய நம்பர் கம்பெனியுடையது, அது வேலை செய்யாது. புது நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். உம்மாவிடம் இதைப் பற்றி இப்போது சொல்ல வேண்டாம். நானே பக்குவமாகச் சொல்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. வேறு விசேஷம் இல்லை.

என்றும் உன் நலம் நாடும்,
இர்பான்


நாகூர்
30 டிசம்பர் 2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். மாடியைப் பூசியாகிவிட்டது. திருக்காட்டுப்பள்ளியில் தண்ணீர் வடிந்துவிட்டது, வானதி வீட்டுப் பயிர் தப்பித்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விசேஷத்தை எனக்கு வானதி சொல்லித்தான் தெரிந்தது. நான் இல்லாத அந்தக் குழுவில், உங்கள் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, நீங்கள் அனுப்பிய இரண்டு வீடியோவைப் பகலவன் போட்டிருக்கிறார். ஒன்று நீங்கள் பாக்கெட்டைக் கிழித்துக் கார்டை எடுக்கிற பழைய வீடியோ. இடது ஓரமும் சிவப்புப் புள்ளியும் பளிச்சென்று தெரிகிறது. போன் மாற்றியதில் போய்விட்ட வீடியோ. இரண்டாவதை வானதி எனக்கு அனுப்பினாள். உபைதுல்லா கடைச் சட்டையோடு, அந்தக் கடைக்குள்ளேயே நின்று பேசியிருக்கிறீர்கள். என் பெயர் இர்பான், நாகூர், அனீஸா என் தங்கை, அவளுக்கு நான் அனுப்பியது ஒரே ஒரு பனி டிராகன் கார்டு, அன்றைக்குப் போனை வைத்தவன் நான்தான், என் வேலைக்குப் பயந்து வைத்தேன் என்று. பின்னால் யாரோ உங்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

நேற்று முன்தினம் கூட்டம். பகலவன் எனக்குப் போன் செய்து, தானே மன்னிப்புக் கேட்டு, வரச் சொன்னார். போனேன். என் மேசை பழைய இடத்தில் போட்டிருந்தது. ஷேக் பரீத்தும் வந்திருந்தார். வராவிட்டால் அவரிடம் இனி யாரும் ஒரு பாக்கெட்கூட வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். எழுந்து நின்று, தரையைப் பார்த்து, "ஏதோ ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனார். சிலர் கைகூடத் தட்டிவிட்டார்கள், முடிந்தால் போதும் என்று.

எனக்கு ஆகஸ்டிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வந்தது. எழுந்து நின்றேன்.

"தப்பு நடக்கல. நீங்க செஞ்சீங்க. என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. என் பேரச் சொல்லிச் சொல்லுங்க."

பகலவன் குறுக்கே வரவில்லை. ஷேக் பரீத் என் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு சொன்னார். நாகூர் அனீஸா எனக்கு அசல் கார்டு விற்றார், நான் அதை மாற்றிப் போலியைத் திருப்பிக் கொடுத்தேன், பணத்தையும் வாங்கினேன், அவர் பெயரைக் கெடுத்தேன் என்று. திக்கித் திக்கித்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் வந்தது. எடுத்த பணத்தையும் மேசையில் வைத்தார். நான் அவருக்கு ஸலாம் சொல்லவில்லை. அதற்காக அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

திரும்பி வரும்போது சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் உங்களை நினைத்து மறுபடி கோபம் வந்தது. அதை மறைக்க என்னால் முடியாது. அந்த மண்டபத்தில் நான் உங்களைக் கூப்பிட்டதும் நீங்கள் போனை வைத்ததும் நடந்ததுதான். எல்லோர் முன்னாலும் சட்டையில் கடைப் பெயரோடு நின்று பேசி, வேலையை விட்டதும் நடந்ததுதான். பின்னதால் முன்னது இல்லாமல் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இனி உங்களோடு பேச வேண்டும். பேசுவேன்.

உம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், ஆனால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். காய்கறி மூட்டை தூக்கினால் உங்கள் இடுப்பு தாங்காது என்று எனக்குத் தெரியும். அங்கே சரியாக வேறு வேலை அமையாவிட்டால் கிளம்பி வாருங்கள். கடையில் இடம் இருக்கிறது. நோட்டு, பேனா, பொம்மை எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கார்டு மேசையில் நான்தான் உட்காருவேன். யாராவது வந்து இது அசலா என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் நான்.

துஆவுடன்,
உங்கள் தங்கை,
அனீஸா